ஓசூர் ரோட்டு வகுப்பறை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் பெங்களூர் பஸ் ஏறினால் ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, மடிவாளா தாண்டி டெய்ரி சர்க்கிள் பக்கம் இறங்கலாம். 80 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பெங்களூர்க்காரர்களும் அந்தச் சாலையை ஓசூர் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். அதில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. நம் பக்கத்தில் அந்தப் பெயர் ஒரு வசவு. "இவனை நிம்ஹான்ஸுக்குத்தான் அனுப்பணும்" என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கும். தயவுசெய்து பெயரைக் கமெண்டில் போட வேண்டாம்.

ஐந்தாம் வகுப்பு வரை அவன் பரம சாது. கோடை விடுமுறையில் புளியமரத்திலிருந்து விழுந்து, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தான். தையல் ஆறிவிட்டது. ஆனால் பள்ளிக்குத் திரும்பி வந்தவன் வேறு ஆள். காலையில் ஒப்பித்த வாய்ப்பாடு மதியம் இருக்காது. காரணமில்லாத கோபம், வாயில் கெட்ட வார்த்தை. வீட்டில் மந்திரித்துத் தாயத்து கட்டினார்கள். நான் "கொழுப்பு" என்று பிரம்பை எடுத்தேன். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு உளவியல் ஒரு தாள் உண்டு. பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை எல்லாம் தலைகீழ்ப் பாடம். தலையில் அடிபட்டால் பிள்ளையின் குணம் மாறலாம் என்று நான் படித்த நோட்ஸில் ஒரு வரி இல்லை.

உலகத்துக்கு அது தெரிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1848-ல் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் மேஸ்திரி ஃபினியஸ் கேஜ். நம்மூர்க் கல் குவாரியில் குழியில் மருந்து இடிப்பார்களே, அதே வேலை. மருந்து வெடித்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. மனிதர் பிழைத்துக்கொண்டார். நடந்தார், பேசினார். ஆனால் பொறுப்பான மேஸ்திரி போய், வாய்க்கு வந்ததைப் பேசும், எதிலும் நிலைக்காத ஆள் வந்தார். வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ இந்தக் குணமாற்றத்தை விரிவாக எழுதியது 1868-ல். அது என் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. ஏன் என்று யோசித்துத்தான் நிம்ஹான்ஸின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1847-ல் ஸ்மித் என்ற வெள்ளைக்கார டாக்டர் பெங்களூரில் ஒரு பைத்தியக்கார விடுதி தொடங்கினார். அதுதான் மூலம். அந்தக் காலத்து விடுதி என்றால் ஆளை அடைத்துவைக்கும் இடம்தான். 1925-ல் மனநல மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். 1946-ல் போர் கமிட்டி அறிக்கை நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தது. இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கை, இந்தியாவில் 40,000 பேருக்கு ஒன்று. படுக்கையை விடப் பெரிய பஞ்சம், படித்த ஆட்கள். அதனால் 1954-ல் அந்த மருத்துவமனையோடு சேர்த்து அகில இந்திய மனநல நிறுவனம் உருவானது. இயக்குநர் டாக்டர் எம். வி. கோவிந்தசாமி. அடுத்த வருஷமே மனநல மருத்துவத்துக்கும் மருத்துவ உளவியலுக்கும் டிப்ளமோ வகுப்புகள். எனக்கு அந்த 1955 முக்கியமாகப் படுகிறது. அடைத்துவைக்கும் இடத்துக்குள் கரும்பலகை வந்த வருஷம் அது.

1974 டிசம்பரில் மருத்துவமனையும் நிறுவனமும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது. மனநலம், நரம்பியல், மூளை அறுவை மூன்றும் ஒரே காம்பவுண்டுக்குள். மூளையில் கட்டி எடுத்த நோயாளியை உளவியல்காரர் பக்கத்துக் கட்டிடத்திலேயே பார்க்கலாம். அங்கே நரம்பு உளவியல் வளர்ந்தது அப்படித்தான். சி. ஆர். முகுந்தன் போன்றவர்கள் அதற்கு அடித்தளம் போட்டார்கள்.

நரம்பு உளவியல் என்றால் என்ன என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். ஸ்கேன் மூளையில் காயம் எங்கே என்று காட்டும். அந்தக் காயத்தால் மனிதனுக்கு எது முடியாமல் போயிற்று என்பதை உட்காரவைத்துச் சோதிப்பது இது. 15 சொற்களைப் படித்துக்காட்டி, எத்தனை திரும்பச் சொல்கிறார் என்று ஐந்து முறை பார்ப்பார்கள். ஒரு நிமிஷத்தில் எத்தனை விலங்கு பெயர் சொல்கிறார் என்று எண்ணுவார்கள். (வெள்ளிக்கிழமை நம்ம ஆட்டுச் சந்தைக்குப் போகிறவன் வெள்ளாடு, செம்மறி, குறும்பாடு என்று ஆட்டிலேயே நின்றுவிடுவான். அது வேறு விஷயம்.)

இதில் ஒரு சிக்கல். வெள்ளைக்காரனை வைத்துச் செய்த அளவுகோலில் நம்மூர்ப் பாட்டியை அளந்தால் பாட்டி 'மூளைக் கோளாறு' என்றுதான் வரும். பள்ளிக்கூடமே போகாதவர் பென்சில் பிடித்ததில்லை, கட்டம் பார்த்ததில்லை. 2004-ல் ஷோபினி ராவ், சுப்பகிருஷ்ணா, கோபுகுமார் மூவரும் வெளியிட்ட நிம்ஹான்ஸ் பரிசோதனைத் தொகுப்பு இதைச் சரிசெய்தது. 16 முதல் 65 வயது வரை, ஆண் பெண் தனியாக, எழுதப்படிக்கத் தெரியாதவர், பள்ளிப் படிப்பு, கல்லூரிப் படிப்பு என்று தனித்தனி அளவு. ஆசிரியனாக நான் அதிசயித்த இடம் இது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள் கொடுத்தே காலம் தள்ளியவன் நான்.

சரி, இந்த அறிவு காம்பவுண்டைத் தாண்டியதா? 1970களின் நடுவிலேயே சகலவாரா என்ற கிராமத்தில் மையம் வைத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். 1985-ல் பெல்லாரி மாவட்டம் முழுக்க அதைச் செய்துபார்த்தார்கள். 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அதுதான் மாதிரி. ஆனால் அந்தப் பயிற்சிகளில் முதலிடம் மனச்சிதைவு, வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறைவு போன்றவற்றுக்கு. நியாயம்தான், அவை அவசரம். அடிபட்டுக் குணம் மாறியவன் பின்வரிசையில் நின்றான். தேசிய நெடுஞ்சாலையும் கம்பெனிகளும் வந்தபின் நம் பக்கம் அப்படிப்பட்டவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

என் தங்கை மகள் மருத்துவ உளவியலாளர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வைத்திருப்பவர்கள் அதைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். "நம்ம பணியிடைப் பயிற்சி மாதிரியா? கையெழுத்து, டீ, பிஸ்கட், பஸ்?" என்று கேட்டேன். "பாதி அப்படித்தான் மாமா" என்றாள். மீதிப் பாதியில் ஒன்று, நரம்பு உளவியல் பரிசோதனை பற்றியது. மூத்தவர் பக்கத்தில் இருக்க, நோயாளியிடம் சோதனை செய்து, தப்பு செய்து, திருத்திக்கொள்ளும் பயிற்சி. 2018-லிருந்து நிம்ஹான்ஸ் டிஜிட்டல் அகாடமியும் மாவட்டங்களில் இருக்கும் டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியருக்கு இணையம் வழியாகப் பாடம் நடத்துகிறது. நல்லதுதான். ஆனால் திரையில் பார்த்துச் சோதனை செய்யப் பழக முடியாது என்பது அவள் கட்சி. என் கட்சியும் அதுவே.

பயிற்சி முடித்து வந்தவள் ஒருநாள் அந்தப் புளியமரத்துக் கதையைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வாரமே அவன் வீட்டுக்குப் போனேன். இப்போது நாற்பது தாண்டிவிட்டான். எந்தக் கம்பெனியிலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை. "நேத்து சொன்னதை இன்னிக்கு மறந்துட்டு எங்கிட்டயே சண்டை போடுறாரு சார்" என்றாள் அவன் மனைவி.

போன மாதம் மூவரும் பெங்களூர் போனோம். வீட்டில் தெலுங்கு, என்னிடம் படித்தது தமிழ், சுமை தூக்கிய இடத்தில் கன்னடம். சொற்பட்டியலை எந்த மொழியில் படிப்பது என்பதற்கே அவர்கள் நேரம் எடுத்துக் கேட்டார்கள். கடைசியில் தெலுங்கு. ரெண்டரை மணி நேரம் நான் வெளியே பெஞ்சில். முடிந்ததும் கூப்பிட்டு, கவனமும் புதிதாக நினைவில் வைப்பதும் கோபத்தை அடக்குவதும் அந்தப் பழைய அடியோடு ஒத்துப்போகிற மாதிரி பாதித்திருக்கிறது என்றார்கள். நோட்டில் எழுதிவைத்து வேலை செய்ய, கோபம் வருமுன் விலகிப்போகப் பழக்குவார்களாம். பழையபடி ஆகிவிடுவான் என்று யாரும் சொல்லவில்லை.

அவன் மனைவி கேட்டாள்: "அப்போ இது கொழுப்பு இல்லையா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குக் கோபமில்லை. திரும்பும்போது எனக்கு ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தான். அத்திப்பள்ளி வருவதற்குள், எங்கே போய்வருகிறோம் என்று இரண்டு முறை கேட்டான். சொன்னேன். அடுத்த தேதி வருகிற திங்கள். விடியற்காலை முதல் பஸ்.