தோட்டத்துக்கு வரும் வழியில் ஜீப் விபத்து: ஏலத்தோட்ட உரிமையாளர் இழப்பீடு தர வேண்டுமா?

போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம், கூடலூர் பகுதிகளில் இருந்து விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவற்றில் இருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் ஊர் திரும்புவார்கள். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி கவிழ்ந்தால், "தோட்டத்துக்குள்ள நடக்கலையே, ஜீப்காரர்தானே பொறுப்பு?" என்பதுதான் பல உரிமையாளர்களின் முதல் பதில். உடும்பன்சோலைப் பக்கம் உங்களுக்குப் பத்து ஏக்கர் ஏலக்காடு இருந்தால், இந்தப் பதிலை நம்பி இருக்காதீர்கள்.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, 2003 ஏப்ரல் 22 அன்று அதிகாலை 3 மணி ஷிஃப்டுக்கு பைக்கில் போனார். ஆலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் முன்பே விபத்தில் இறந்தார். குடும்பத்துக்கு 3,26,140 ரூபாயும் வட்டியும் தர உத்தரவானது. விபத்து வேலையிடத்தில் நடக்கவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை மீண்டும் உறுதி செய்தது. வீட்டில் இருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு தொடர்புபட்டிருந்தால், வேலையின்போது நடந்த விபத்தே என்றது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது.

அந்தக் காவலாளி சொந்த பைக்கில் போனவர். நீங்களோ ஜீப் ஏற்பாடு செய்து, வாடகையும் கொடுக்கிறீர்கள். தொடர்பை நிரூபிக்க எதிர்த்தரப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"நம்ம ஆளு இல்ல, கங்காணி கொண்டுவந்த ஆளு"

இதையும் நம்பி இருக்க முடியாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் என்றாலும், உங்கள் தோட்ட வேலைக்காக வந்தவருக்கு இழப்பீடு கேட்டு உங்களிடமே வரலாம். நீங்கள் கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். நாள் கூலி, அன்னைக்குத்தான் முதல் நாள் என்பதெல்லாம் விதிவிலக்கு ஆகாது. "விபத்து நடந்தால் எதுவும் கேட்க மாட்டேன்" என்று கைநாட்டு வாங்கி வைத்திருந்தாலும் அந்தத் தாள் செல்லாது.

எவ்வளவு ஆகும்?

மரணம் என்றால் மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் ஊதியத்துக்கு 2020-இல் 15,000 ரூபாய் உச்சவரம்பு வைக்கப்பட்டது. 40 வயதுக்கான காரணி 184.17. அதாவது 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய். இது ஒரே ஒருவருக்கு. ஜீப்பில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். காயம்பட்டவர்களின் மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதம். வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்குமா என்பது பாலிசியின் நிபந்தனையைப் பொறுத்தது. அபராதம் உங்கள் தலையில்தான் என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுத்தால்?

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். துக்க வீட்டுக்குப் போய், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு தொகையைக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள். நல்ல மனதோடு செய்திருக்கலாம். ஆனால் மரண இழப்பீட்டை, அதற்கென உள்ள தொழிலாளர் துறை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்ததில் மூன்று மாத ஊதியம் வரை முன்பணமாக ஏற்கப்படலாம். மீதி இழப்பீட்டுக் கணக்கில் வராது. குடும்பம் தான் வசிக்கும் ஊரில் இருந்தே மனு போடலாம் என்பதால், கேரளத் தோட்டக்காரருக்குத் தமிழ்நாட்டில் இருந்து நோட்டீஸ் வரும்.

ஜீப்புக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே?

குடும்பம் மோட்டார் வாகனச் சட்டத்திலோ தொழிலாளர் இழப்பீட்டிலோ ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தேர்வு அவர்களுடையது, உங்களுடையது அல்ல. அனுமதித்த இருக்கைகளுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தால், அனுமதித்த எண்ணிக்கைக்கு மட்டுமே இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டினால் பாலிசியிலேயே சிக்கல்.

எனவே முதலில் உங்கள் பெயரில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுங்கள். பயண விபத்து அதில் அடங்குமா என்று ஏஜென்ட்டிடம் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். காய் பறிப்பு சீசனில் ஆள் கூடும்போது, அந்த எண்ணிக்கையையும் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். வருகை நோட்டில் ஜீப் எண், ஓட்டுநர் பெயர், அன்று ஏறியவர்களின் பெயர் இருக்கட்டும். மரணமோ பலத்த காயமோ நேர்ந்தால் 7 நாளுக்குள் அதிகாரிக்கு அறிக்கை போக வேண்டும். அப்போது அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.