கூப்பர் பிளாக்

கூப்பர் பிளாக் என்பது தலைப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் பயன்படும் தடித்த லத்தீன் எழுத்துரு. அமெரிக்க வடிவமைப்பாளர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் (1879–1940) வரைந்த இதை, சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் எழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது.

பழைய பாணி செரிஃப் வகையைச் சார்ந்ததாயினும், இதன் செரிஃப்கள் (எழுத்துக் கோடுகளின் முனையிலுள்ள சிறு நீட்சிகள்) கூர்மையிழந்து உருண்டிருக்கும். அடிக்கோட்டைத் தொடும் முனைகளும் தட்டையாக அமையாமல் வளைந்திருக்கும். சிற்றெழுத்துகளின் உடல் பெரிது. கீழிறங்கும் கால்கள் குட்டை. ஆகவே வரிகளை நெருக்கி அடுக்கலாம். ‘O’ எழுத்தின் உள்வெளி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதே இதன் விளையாட்டுத் தோற்றத்துக்கு முதன்மைக் காரணம் எனலாம். உள்வெளிகள் குறுகியவை, சிறிய அளவில் மை அடைத்துக்கொள்ளும் என்பதால் நூலின் உடற்பகுதிக்கு இது ஏற்றதன்று.

இதன் விற்பனை வெற்றியைக் கண்ட லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனம், போட்டியாக வடிவமைப்பாளர் ஃபிரெடெரிக் கவுடியைக் கொண்டு கவுடி ஹெவிஃபேஸ் எழுத்துருவை உருவாக்கியது. கவுடி, கூப்பரின் ஆசிரியர். ஈய எழுத்துக் காலம் முடிந்த பின்னரும் ஒளியச்சு, ஒட்டெழுத்துத் தாள்கள் வழியே கூப்பர் பிளாக் 1960, 70களில் மீண்டும் பரவியது. பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) இசைத்தட்டு உறையிலும், பிரிட்டனின் ‘டாட்ஸ் ஆர்மி’ தொலைக்காட்சித் தொடரின் தலைப்பிலும் இடம்பெற்றது. ஈஸிஜெட் விமான நிறுவனத்தின் பெயர்ச்சின்னமும் இவ்வெழுத்துருவிலேயே அமைந்தது.