பேசாத பிள்ளையும் பெற்றவர் சுமந்த பழியும்



பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை சில வீடுகளில் இருக்கும். ஆனால் அடுப்படியில் பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஓடி வந்துவிடும். மற்றப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, இது சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். “காத்துக் கருப்பு பட்டிருக்கிறது” என்பார் ஒருவர். “தாய் பால்மரம் வெட்டப் போய்விட்டாள், ஆயாக் கொட்டகையில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்?” என்பார் இன்னொருவர். தாயைக் குறை கூறும் இந்தப் பேச்சு தோட்டத்தில் மட்டும் பிறந்ததன்று. பேர்பெற்ற மருத்துவர்களே இதைச் சொன்ன காலம் ஒன்று உண்டு.

பினாங்கிலே காது கேளாத பிள்ளைகளுக்குத் தஞ்சோங் பூங்காவில் 1954ஆம் ஆண்டிலேயே பள்ளிக்கூடம் ஏற்பட்டது. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு வந்தது. ஆனால் காதும் கேட்டு, கண்ணும் தெரிந்து, கைகாலும் நன்றாக இருந்தும் பேசாமல் தனித்திருக்கும் பிள்ளையை எங்கே கொண்டுபோவது? 1985இல் பாலம் திறக்கும்வரை, செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வர பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏற வேண்டும். ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

இந்நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். மாஸ்கோவில் சுக்கரேவா என்ற பெண் மருத்துவர் இத்தகைய சிறுவர்களைப் பற்றி 1925ஆம் ஆண்டிலேயே எழுதினார், உலகம் கவனிக்கவில்லை. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கன்னர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதுதான் இது பரவலாகத் தெரியவந்தது. அந்த 11 பேரில் முதல்வன் டொனால்ட் ட்ரிப்லெட். அவனுடைய தந்தை மகனைப் பற்றித் தாம் கண்டதையெல்லாம் 33 பக்கக் கடிதமாக எழுதி மருத்துவருக்கு அனுப்பியிருந்தார். பெற்றவர் கண்ணால் பார்த்து எழுதிய அந்தக் குறிப்பே இந்தத் துறைக்கு முதல் ஆதாரமாயிற்று.

அப்படியிருந்தும் பழி பெற்றவர் மேலேயே விழுந்தது. இப்பிள்ளைகளின் பெற்றோர் பாசம் குறைந்தவர்கள் என்று கன்னரே எழுதினார். 1967இல் பெட்டல்ஹைம் என்பவர் ஒரு நூல் எழுதி, தாயின் மனக்குளிர்ச்சியே காரணம் என்ற கருத்தை ஊரெங்கும் பரப்பினார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எத்தனை தாய்மார்கள் இதை நம்பித் தங்களையே நொந்துகொண்டார்களோ!

இதை எதிர்த்து நின்றவர்களில் முன்னின்றவர்கள் பெற்றோர்களே. 1962இல் லண்டனில் பெற்றோர் சங்கம் ஒன்று தோன்றியது; மருத்துவர் லோர்னா விங் அதில் ஒருவர், அவர் மகளுக்கும் ஆட்டிசம். அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, இது மூளை வளர்ச்சியைச் சேர்ந்தது என்று 1964இல் நூல் எழுதினார். 1969இல் கன்னரும் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, உங்கள் மேல் குற்றமில்லை என்று அறிவித்தார். 1977இல் லண்டனில் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உண்டான 10 சோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரண்டு வகையும் ஒரே தாய் வளர்த்த பிள்ளைகள்தாம். பிறவியோடு வருவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பது அப்போது தெளிவாயிற்று.

மருந்து கொடுத்து ஆட்டிசத்தைப் போக்க முடியாது. ஆனால் பிள்ளையின் போக்கை அறிந்து பழக்கலாம். டொனால்டைச் சில ஆண்டுகள் ஒரு விவசாயக் குடும்பத்தில் விட்டிருந்தார்கள். எதையும் அளந்துகொண்டே இருப்பான் அவன். அந்தக் குடியானவர் அவனைக் கிணறு தோண்டச் செய்து, ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினான். ஏர் ஓட்டிக்கொண்டே எண்ணு என்றார். கன்னர் போய்ப் பார்த்தபோது பையன் குதிரையையும் கலப்பையையும் திறமையாக நடத்திக்கொண்டிருந்தான். பிற்காலத்தில் வங்கியில் வேலை பார்த்து, 2023இல் 89 வயதில் காலமானார். அவருடைய தாய்வீட்டார் வங்கிக்காரர்கள், அது உண்மைதான். ஆனால் ஏர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது வெறும் குடியானவர் வீடு.

நம் நாட்டில் 1984இல் திரெங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வுத் திட்டம் தொடங்கி, பல மாநிலங்களுக்கும் பரவியது. 1986இல் தேசிய ஆட்டிசச் சங்கமான நாசோம் உருவாயிற்று. பினாங்கிலும் அதற்கு நிலையம் உண்டு. அரசாங்கச் சுகாதார நிலையங்களில் 18 மாதத்திலும் 3 வயதிலும் தாதி ஒரு கேள்வித்தாளைத் தருவார். பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்பதுபோல் கேட்டிருக்கும். 2001இல் அமெரிக்காவில் வெளிவந்த தாள் அது. அரிசியைச் சலிப்பது போன்றதே இந்தச் சோதனை. முடிவு சொல்வது மருத்துவர். கேள்விக்கு வெட்கப்பட்டு “எல்லாம் சரி” என்று எழுதிவிட்டால் பிள்ளைக்கு உதவி தள்ளிப்போகும். கோவிலுக்குப் போகட்டும், வேண்டிக்கொள்ளட்டும். சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும்.

மருத்துவர் உறுதிப்படுத்திய பிறகு, 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறலாம். ஆட்டிசத்தை அங்கே “கற்றல் குறைபாடு” என்ற பிரிவில் பதிவார்கள். அந்தப் பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.