முதுகலைப் பட்டமும் ஊதியப் படியும்: சேப்பாக்கம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் நோக்கிப் போகிறவர் கண்ணில் முதலில் படுபவை பொறியியல் கல்லூரிகளின் பெயர்ப் பலகைகள். தொழிற்சாலைகள் அப்புறம்தான். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஹூண்டாய் ஆலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் சாண்ட்ரோ கார் வெளிவந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து, 2014இல் மூடிக்கொண்டு போனது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் இயங்கத் தொடங்கியது. இந்த ஆலைகளின் உற்பத்திப் பிரிவுகள் ஆள் எடுக்கக் கேட்டவை ஐடிஐ, டிப்ளமோ, பிளஸ் டூ. எம்.ஏ. வரலாறோ எம்.எட்.டோ வைத்திருப்பவருக்கு அங்கே தனி மதிப்பு எதுவும் இல்லை.

அப்படியிருந்தும் இந்த வட்டாரத்தில் கலைப் பாடங்களிலும் கல்வியியலிலும் முதுகலை படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அந்தப் படிப்புக்கு இழுத்தது எது? தமிழகத்தில் கலை, கல்வியியல் முதுகலைப் படிப்பின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானித்ததில் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களைவிட அரசின் பணி விதிகளுக்கும் ஊதிய ஆணைகளுக்கும் பங்கு அதிகம் என்பதே இக்கட்டுரையின் வாதம். பட்டத்துக்குச் சம்பள மதிப்பே தராத ஒரு தொழில் வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் முதல் அரை நூற்றாண்டுக்குப் பாடம் நடத்தவில்லை. இணைப்புக் கல்லூரிகள் கற்பித்தன. பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. எம்.ஏ.யும் அப்படித்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் படித்த திருத்தணிக்காரர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஓர் ஆய்வுரை எழுதி எம்.ஏ. முடித்தார், அந்த ஆய்வுரை 1908இல் நூலாகவும் வந்தது. 1909இல் மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவரை மறுவருடமே சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு எல்.டி. என்னும் ஆசிரியர் பயிற்சி பெற அனுப்பிவிட்டார்கள். 1856இல் நார்மல் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் எம்.ஏ., பிறகு கற்பித்தல் பயிற்சி. ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியருக்கு விதியாக நிலைத்த சேர்க்கையை அப்போதே காண முடிகிறது.

1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் கற்பிக்கவும் ஆராயவும் வழி திறந்துவிட்ட பின் வந்தவர்களில் கில்பர்ட் ஸ்லேட்டரைத் தனியே சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் அவர். இங்கிலாந்துப் பாடநூல்களை மட்டும் மாணவர் தலையில் ஏற்றுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வினாப்பட்டியலைக் கையில் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சொந்த ஊரையே ஆராய்ந்து வரச் சொன்னார். நிலம் யாரிடம் எவ்வளவு, கடன் யாருக்கு யாரிடம், கூலி நெல்லாகவா பணமாகவா, எந்தச் சாதியார் எத்தொழிலில், யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்றெல்லாம் மாணவர்கள் எழுதி வந்தார்கள். 1918இல் அது தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தது. காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே பாலாற்றைத் தாண்டினால் வரும் தூசி, அதில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று. 1930களில் பொருளாதார அறிஞர்கள் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய் மறு ஆய்வு செய்தார்கள். அது 1940இல் நூலாயிற்று. சென்னையின் கலைத்துறை உயர்கல்வி உலகத்துக்குக் கொடுத்தவற்றில் இதை முதல் வரிசையில் வைப்பேன். இதைச் செய்த மாணவர்களுக்கு எந்த ஊதியப் படியும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருப்பம் 1978இல் வந்தது. கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்பு போய், பள்ளிகளில் பிளஸ் டூ வந்தது. மேல்நிலை வகுப்புக்குப் பாடம் நடத்த முதுகலைப் பட்டதாரிகள் வேண்டியிருந்தார்கள். மாநிலமெங்கும் புதிதாக ஒரு பதவி, அதற்கு எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் தகுதி. ஏற்கெனவே பணியில் இருந்த பட்டதாரி ஆசிரியர் எம்.ஏ. முடித்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறும். ஊக்க ஊதியமும் கிடைக்கும். எம்.எட். முடித்தால் இன்னொன்று. பணியில் சேரும்போதே எம்.ஏ. வைத்திருந்த முதுகலை ஆசிரியர் எம்.எட்., எம்.ஃபில். பக்கம் போனார். ஆசிரியர் அறைப் பேச்சில் அதற்குப் பெயர் ‘இன்சென்டிவ்’. ‘ரெண்டு இன்சென்டிவும் வாங்கியாச்சா?’ என்பது நலம் விசாரிப்பைப் போலவே வழங்கிய கேள்வி.

வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக ஆசிரியரால் முடியாது. அஞ்சல் வழிக் கல்வி அவருக்கென்றே வந்தது போல் வந்தது. 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் இந்தியாவில் முதலாவதாக அதைத் தொடங்கியிருந்தது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் இறங்கின. ‘கரஸ்ல எம்.ஏ.’ என்ற சொற்றொடர் வீட்டு வழக்கில் கலந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்துக்காரருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கம் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். இருந்தாலும் தினமும் போய்வந்தால் வேலை என்னாவது? அஞ்சலில் பாடநூல் கட்டு வரும். சனி, ஞாயிறுகளில் நேர்முக வகுப்பு நடக்கும். தேர்வு மையம் ஏதாவது பள்ளியாக இருக்கும். சிறுவர் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து நாற்பது வயதுத் தலைமையாசிரியர் மூன்று மணி நேரம் எழுதுவார். ஆண்டின் இடையில் பாடப்பொருளோடு அவருக்கு உறவு குறைவு. ஆனால் அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. கற்பிக்காமல் தேர்வு மட்டும் வைத்த 1857ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகம்தான் இங்கே வேறு உருவில் திரும்பி வந்தது. பகல் நேரக் கல்லூரி தொடவே முடியாத பெண்கள், சிற்றூர் எழுத்தர்கள், முறைவேலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு அது ஒன்றுதான் வாசலாக இருந்தது.

இந்த வாசல் அளவுக்கு மீறித் திறந்ததும் உண்டு. வயது வரம்பைத் தாண்டியிருந்தால் போதும், இளங்கலைப் பட்டம் இல்லாமலே நேரே எம்.ஏ. சேரலாம் என்று திறந்தவெளிப் பல்கலைக்கழக முறையில் பட்டங்கள் கொடுக்கப்பட்டன. முதல் பட்டம் இல்லாமல் இப்படிப் பெற்ற எம்.ஏ., பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகளுக்கு முரணானது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தமிழக அரசும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படிக்காதவரின் திறந்தவெளிப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று ஆணையிட்டது. தொலைதூர எம்.ஃபில்.லுக்கு மானியக் குழு தடை போட்டதும் அதே 2009இல்தான். தபாலில் எம்.ஏ. வாங்கிய ஒருவர் தன் பட்டம் ‘செல்லுமா, செல்லாதா’ என்று கேட்கத் தொடங்கியது அப்போதிலிருந்துதான். அப்படிக் கேட்டவர் தாம் படித்தது சரியா என்று கேட்கவில்லை. பணி விதியில் அது ஏறுமா என்றுதான் கேட்டார்.

அடுத்தடுத்து விதிகள் மாறின. 2015இலிருந்து பி.எட்., எம்.எட். இரண்டும் ஈராண்டுப் படிப்புகளாயின. 2020 மார்ச் 10 அன்று உயர்கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வுகளைத் தமிழக அரசு ரத்து செய்தது. அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கான ஏற்பு 2014–15 வரைதான் என்று 2022இல் மானியக் குழு அறிவித்தது. முதுகலை ஆசிரியராக வர எம்.ஏ.யும் பி.எட்.டும் இன்றும் கட்டாயம். ஆனால் பணியில் சேர்ந்த பிறகு எம்.எட். படிக்க இருந்த பெரிய காரணம் ஓர் அரசாணையோடு போய்விட்டது. கல்வியியலில் ஆர்வம் உள்ளவர் மட்டும் படிக்கட்டும் என்று இதற்கு நியாயம் சொல்லலாம்தான். ஆனால் ஆர்வம் உள்ளவரும் கட்டணத்தைக் கையிலிருந்துதானே கட்ட வேண்டும்?

மீண்டும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தால், இந்த வட்டாரத்திலேயே முதுகலைப் படிப்பை நேரில் நடத்தும் ஒரு நிறுவனம் உண்டு. அதன் பிறப்பு வேறு வகையானது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவர் பெயரில் இளைஞர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் 1993இல் அங்கே அமைந்தது. 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. வாழ்க்கைத் திறன் கல்வி, பாலினக் கல்வி, உள்ளாட்சி, தொழில் வழிகாட்டல் என்று அது நடத்திய எம்.ஏ.க்கள் பள்ளிப் பாடங்களின் பட்டியலில் இல்லாதவை; ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வில் அவற்றுக்கு இடம் கிடையாது. பணி விதியைப் பார்க்காமல் பாடத்தைப் பார்த்து வகுத்த படிப்புகள் என்று இவற்றைச் சொல்லலாம். பிற்பாடு அந்த நிறுவனத்திலும் சமூகப்பணி, சமூகவியல், பொது நிர்வாகம் என்று எல்லா ஊரிலும் தெரிந்த பெயர்களில் எம்.ஏ.க்கள் வந்தன. வேலை விளம்பரங்களின் தகுதிப் பத்தியில் காணப்படும் பெயர்களும் இவைதான் என்பது தற்செயல் அல்ல என்று கருதுகிறேன்.