குளம்பும் இரும்பும்

சாக்ரடீஸின் மாணாக்கரும் போர்வீரருமான செனஃபோன், கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய நூலில், லாயத்துக்கு வெளியே கைப்பிடியளவான உருண்டைக் கற்களை நான்கைந்து வண்டி கொட்டிப் பரப்பி, அவை சிதறாதபடி சுற்றிலும் இரும்பு விளிம்பு கட்டி, குளம்பு கெட்டிப்பட அவற்றின்மேல் குதிரையை நிறுத்த வேண்டுமென்று விதிக்கிறார். நல்ல குளம்பு தரையில் படும்போது தாளம்போல் ஒலிக்கும் என்றும் கூறுகிறார். லாடத்தைப் பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. போர்க்குதிரையின் கால்வலிமையை அவர் குளம்பினிடத்திலேயே தேடினார். ஆணியடித்த லாடமின்றிக் குதிரை சவாரிக்கு உதவாது என்ற அபிப்பிராயம் மறுபரிசீலனைக்கு உரியது என்பதே என் வாதம்.

குளம்பை உயிரற்ற கொம்பென்று கருதுவது இவ்விஷயத்தில் நேரும் முதற்பிழை. அதன் புறச்சுவர் நம் நகத்தைப் போன்ற பொருளாலானது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வது. ஆனால் காலைத் தூக்கி அடிப்புறத்தை நோக்கினால், பின்புறம் அகன்று முன்நோக்கிக் கூம்பும் ஆப்பு வடிவில், கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பர்போல் அமுங்கி எழும் ஒரு பகுதி தென்படும். கால் ஊன்றுகையில் அதுவும் அதன் மேலுள்ள மெத்தையும் பாரத்தை ஏற்க, குளம்பின் பின்புறம் சிறிது விரிகிறது, தூக்குகையில் சுருங்குகிறது. அதிர்ச்சியைத் தணித்து இரத்த ஓட்டத்துக்கும் துணைசெய்யும் இவ்வசைவை, விரியாத இரும்பு கட்டுப்படுத்துகிறது. ஆங்கிலேய கால்நடை மருத்துவரான பிரேசி கிளார்க், ஒரே பெண்குதிரையின் குளம்பை லாடமிட்ட பின் ஆண்டுதோறும் வார்ப்பெடுத்து, அது குறுகிவந்ததை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். ஒரு குதிரையைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாதுதான். எனினும் கேட்கவேண்டிய கேள்வியை அவர் கேட்டார்.

லாடத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வளர்வதைவிட விரைவாகக் குளம்பு தேயுமாயின் குதிரை நொண்டும். கல்பாவிய வீதியிலும் தார்ச்சாலையிலும் நாள்முழுதும் ஜட்கா இழுத்த குதிரைக்கு லாடமடித்தவரைக் கொடியவரென்பது அநியாயம். அந்த உழைப்பில்லாத சவாரிக் குதிரைக்கும் அதே இரும்பை வழக்கம் என்ற ஒரே காரணத்தால் அறைவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். லாடமிட்ட குளம்பு தேயாமல் நீள்வதால், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கொருமுறை அதைக் கழற்றிச் சீவி மீண்டும் அடிக்க நேர்கிறது. ஒவ்வொரு முறையும் சுவரில் புதுத் துளைகள் விழுகின்றன.

இவ்விரண்டுக்கும் இடைவழி, கழற்றக்கூடிய குளம்புப் பாதுகை. ரோமானியர் இரும்புத் தகட்டை வாரால் கட்டினர். இன்று ரப்பராலும் பிளாஸ்டிக்காலும் செய்கின்றனர். கல்வழியில் அணிவித்து, லாயம் திரும்பியதும் கழற்றிவிடலாம். அளவு பிசகினால் மட்டும் தோலை உராய்ந்து புண்ணாக்கும்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஸ்வீடனின் பெடர் பிரெட்ரிக்சன் லாடமில்லாத ‘ஆல் இன்’ என்னும் குதிரைமீது தடைதாண்டி வெள்ளிப் பதக்கம் பெற்றார். குழுப்போட்டியில் அவர் நாடு தங்கம் வென்றது. பண்படுத்திய மணற்களத்து வெற்றி கல்வழிக்குப் பிரமாணமாகாது. ஆயினும் வெறுங்குளம்பு கடும்பயிற்சியைத் தாங்காது என்பாருக்கு அது தக்க விடை. நெடுநாள் லாடத்திலிருந்த குளம்பு தேறப் பல மாதங்கள் பிடிக்கும். ஆகவே லாடத்தைக் கழற்ற எண்ணுவோர், அவசரப்படாமல், குதிரை நாள்முழுதும் நின்று குளம்பை மென்மையாக்கிக்கொள்ளும் ஈரத்தரையை முதலில் மாற்றுவாராக.