பனியாறு மீட்டளித்த வரலாறு

இமயத்துக்கும் காரகோரத்துக்கும் இடையே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் அமைந்தது லே நகர். 1948ஆம் ஆண்டு மே மாதத்தில் டகோட்டா விமானமொன்று முதன்முதலாக அங்கே இறங்கியது. பனி தரைவழிகளை அடைக்கும் மாதங்களில், அங்குள்ள படையினருக்கு அன்று தொட்டு வான்வழியே உயிர்வழியாயிற்று. 1962ஆம் ஆண்டுச் சீனப்போரின் பின்னர் அவ்வழியின் இன்றியமையாமை மேலும் பெருகியது.

1968ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள், இந்திய விமானப்படையின் அன்ரனோவ்-12 விமானம் 102 பேருடன் சண்டிகாரிலிருந்து லேயை நோக்கிப் புறப்பட்டது. லேயை அண்மித்தபோது வானிலை சீர்கெட்டிருந்தமையால், விமானி திரும்பிச் செல்லத் துணிந்தார். அம்முடிவு விவேகமானதே. எனினும், முகில் மூடிய மலைநாட்டில் முன்னேறுவதைப் போலவே பின்வாங்குவதும் ஆபத்தானது. சிகரங்கள் கண்ணுக்குப் புலனாகா. எதிர்பாராத காற்று விமானத்தை வழிவிலக்கும். ரோதாங் கணவாய்க்கு அண்மையில் விமானத்தின் வானொலித் தொடர்பு அற்றது.

தேடியவர்களுக்கு எவ்விதத் தடயமும் கிட்டவில்லை. வீழ்ந்த விமானத்தைப் பனி மூடியது. ஆண்டுதோறும் படிந்த பனி இறுகிப் பனிக்கட்டியாயிற்று. ஆயினும் பனியாறு நிலையாக நிற்பதன்று. தன் பாரத்தால் மெல்லமெல்லக் கீழ்நோக்கி நகர்வது. உட்கொண்டதைக் காலங்கடந்து வெளியிடுவது. 35 ஆண்டுகளின் பின், 2003ஆம் ஆண்டில், மணாலி மலையேற்றப் பயிற்சி நிலையத்தைச் சார்ந்தோர் சந்திரபாகா மலைத்தொடரின் பனியாறொன்றில் விமானச் சிதைவுகளையும் வீரரொருவரின் உடலையும் கண்டனர்.

அதன்பின் இந்தியத் தரைப்படையின் டோக்ரா ஸ்கவுட்ஸ் அணியினர் பன்முறை அங்கே சென்று தேடினர். 2024ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மேலும் நான்கு உடல்கள் மீட்கப்பட்டன. உடன் கிடைத்த ஆவணங்கள் அடையாளங்காண உதவின. கேரளம், உத்தராகண்டம், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலுள்ள இல்லங்களுக்கு அவை அனுப்பப்பட்டன. அவ்வாண்டளவில் மீட்கப்பட்ட உடல்கள் ஒன்பது மாத்திரமே.

அரை நூற்றாண்டு கடந்தபின் மீட்ட உடலாற் பயன் யாதென வினவுவோர் உளராகலாம். இறந்தாரென அறிந்தவர் அழுது ஆறுவர். காணாமற்போனாரெனக் கேட்டவரோ வாசலை நோக்கியே வாழ்நாளைக் கழிப்பர். அவ்வீரரை வழியனுப்பிய பெற்றோரும் மனைவியருமாகிய பலர், விடை கிட்டுமுன்னரே மறைந்தனர். எஞ்சியோர்க்கேனும் கிரியை செய்யும் உரிமையை அத்தேடல் மீட்டளித்தது. படைவீரரை அனுப்பும் அரசுக்கு, அவர்களைத் தேடும் கடமை ஆண்டுகள் பல கழிந்தமையால் அற்றுப்போவதில்லை.