ஸ்கூலில் உங்கள் பிள்ளையை சீண்டுறாங்களா? பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

"வயிறு வலிக்குதும்மா, இன்னைக்கு ஸ்கூலுக்கு போகல." காலையில் வரும் இந்த வலி, லீவு நாளில் மட்டும் காணாமல் போகிறதா? அப்போ கொஞ்சம் கவனிக்க வேண்டும். பட்டப்பெயர், அடி, பணம் பறிப்பு, வாட்ஸ்அப் குரூப்பில் கிண்டல் என எதுவாகவும் இருக்கலாம். 11 முதல் 15 வயது பிள்ளைகள் இதை வீட்டில் அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டார்கள்.

முதலில் என்ன செய்வது?

பிள்ளை பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். "நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே", "நீ என்ன பண்ணின?" ஆகிய இரண்டும் வேண்டாம். மறுபடி வாயே திறக்க மாட்டார்கள். "சொன்னது நல்லது, நாங்க பார்த்துக்கறோம்" என்றால் போதும். கோபத்தில் சீண்டிய மாணவரின் வீட்டுக்குப் போய் சண்டை போடாதீர்கள்.

எதையெல்லாம் எடுத்து வைக்கணும்?

என்ன நடந்தது, எந்த தேதி, எந்த இடம், யார் பார்த்தார்கள் என நோட்டில் எழுதுங்கள். காயம் இருந்தால் போட்டோ, மருத்துவச் சீட்டு தேவை. மொபைல் மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

புகார் யாரிடம்?

வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலரை அணுகலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பலத்த காயம், மிரட்டல் என்றால் நேராக போலீஸ்தான். பாலியல் சீண்டலுக்கு போக்சோ சட்டமும், பட்டியலின, பழங்குடி மாணவர் மீதான சாதிய வன்முறைக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உள்ளன. செய்தவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

புகார் கொடுத்தாச்சு, அப்புறம்?

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். சக மாணவர்களின் சாதிய சீண்டல் தாங்காமல், பிளஸ் 2 மாணவர் ஒருவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். விஷயம் பள்ளியில் புகாரான பிறகு, இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது.

எல்லா சீண்டலும் இப்படி முடியாது. ஆனால், புகார் போன நாளிலிருந்துதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு அதிகம் தேவை. எனவே பள்ளியிடம் இதையும் கேளுங்கள்:

* புகார் பற்றி எதிர்த்தரப்பு மாணவர்களிடம் யார், எப்போது பேசப்போகிறார்கள்?
* இடைவேளையிலும் பள்ளி விடும் நேரத்திலும் கண்காணிப்பது யார்?
* இருவரையும் ஒரே பெஞ்ச், ஒரே வேனிலிருந்து பிரிக்க முடியுமா?
* அடுத்த சந்திப்பு எந்த தேதியில்?

சில நாட்களுக்கு நீங்களே கூட்டிப்போய் கூட்டி வாருங்கள். மிரட்டல் வந்தால் காத்திருக்காமல் போலீஸில் சொல்லுங்கள்.

தூக்கம், சாப்பாடு குறைந்தாலோ, "வாழவே பிடிக்கல" என்று பிள்ளை சொன்னாலோ அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.